சில்லில்லாத வண்டிக்கு மூன்று தேசிக்காய்

மன்னிப்புக் கேட்பது எனக்குக் கைவராத வேலை. எண்பதுக்குக் கிட்ட வந்துவிட்டேன், இனிப் பழகவும் போவதில்லை. பிழை செய்யாத ஆள் என்று சொல்லவில்லை. கனக்கச் செய்திருக்கிறேன். ஆனால் நான் ஒரு பிழை செய்தால், பக்கத்தில் அதைவிடப் பெரிய பிழையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா நிற்பார். முதலில் அவரைக் கேளுங்கோ என்பது என் வாதம். இந்த வாதத்தால் சொந்தக்காரரில் பாதிப் பேரோடு நான் கதைப்பதில்லை. (மிச்சப் பாதிப் பேர் என்னோடை கதைக்கிறேல்லை.)

இந்தக் கதையில் நான் நெருப்பு வைத்தேன், திறப்பை எடுத்தேன், கடைசியில் விழுந்தும் போனேன். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எழுதப் போகிறேன் என்றதும் மகன், அதை ஏன் அம்மா ஊருக்கெல்லாம் சொல்லுவான் என்றான். வீட்டுக்கு வருகிற போகிற எல்லோருக்கும் பதினேழு வருடமாக அவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அதுவும் பாதியைப் பிழையாக. சரியாகச் சொல்லத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. கால், கொம்பு தவறியிருந்தால் நீங்களே போட்டு வாசியுங்கோ.

அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருந்தேன். விடிய ஏழு மணிக்கு மகனும் மருமகளும் ரயிலுக்கு ஓடுவார்கள், பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், நானும் தொலைக்காட்சியும் மிஞ்சுவோம். அதுவும் என்னை மாதிரித்தான், சொன்னதையே சொல்லும். அந்த நேரத்தில்தான் முன்வீட்டுப் பவளம், வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஒரு பனிச்சறுக்கு மலையில் குளிர்காலத்துக்குக் குசினிக்கு ஆள் தேடுகிறார்கள், ஒரு வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று சொன்னாள். அன்றைக்கே பேரைக் கொடுத்துவிட்டேன்.

மகனுக்குப் பிடிக்கவில்லை. "உங்களுக்கு இஞ்சை என்னம்மா குறை?" என்று கேட்டான்.

"ஒரு குறையுமில்லைத் தம்பி. அதுதான் குறை."

அவன் யோசித்து யோசித்து ஒரு நிபந்தனை போட்டான். உங்களைப் பற்றி அங்கேயிருந்து ஒரேயொரு முறைப்பாடு வந்தாலும், அடுத்த நாளிலிருந்து வீட்டில் இருக்கவேண்டும். மலையின் மனேச்சரும் மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு நீதவான்மார். நான் சரி என்றேன். எங்கள் பரம்பரையில் ஒருவரும் என்னைப் பற்றி முறைப்பாடு சொன்னதில்லை. (முகத்துக்கு நேரை.)

குசினியில் எனக்குக் கோப்பை கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் சூப் கிண்டுவதும் வேலை. குசினியின் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் உண்டு. அதால்தான் ஸ்கீ பற்றோல்காரருக்குக் கோப்பி கொடுப்போம். சிவப்புச் சட்டையில் வெள்ளைச் சிலுவை போட்டுக்கொண்டு மலை முழுக்கச் சறுக்கித் திரிந்து, விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தலைவர் றொபேட். அணில் வால் மாதிரி மீசை, அறுபது வயதிருக்கும், இடி மாதிரிக் குரல். ஒவ்வொரு நாளும் விடிய அந்த யன்னலுக்கு முன்னால்தான் தன் ஆட்களை நிற்பாட்டி வைத்து ஸ்னோமொபில் பாடம் நடத்துவார். ஸ்னோமொபில் என்பது பனியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு சாமான். முன்னுக்குச் சறுக்குப் பலகை இரண்டு, பின்னுக்கு டாங்கிக்கு இருக்கிற மாதிரி ஒரு பட்டி.

எனக்கு வந்த இங்கிலீஷ் முழுக்க அந்த யன்னலால் வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாடமாக்கின மாதிரி நானும் கரட் வெட்டிக்கொண்டு பாடமாக்கினேன். ஹெல்மெற் போடு. பகலிலும் லைற்றைப் போடு. பின்னுக்கு உயரத் தடியில் செம்மஞ்சள் கொடி கட்டு. சறுக்கிற ஆட்களுக்குத்தான் முதல் வழி, நீ கரையால் போ. மேடு வந்தால் நின்று அந்தப் பக்கம் பார்த்துப் போ. திறப்போடு, அதுதான் வண்டிச் சாவியோடு, ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கும். அதன் மற்ற நுனியை உன் சட்டையில் கொழுவு, நீ தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு வண்டி நிற்கும். இறங்கினால் திறப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போடு. இந்தக் கடைசியைச் சொல்லும்போது றொபேட் தன் நெஞ்சுப் பொக்கற்றில் இரண்டு தரம் தட்டுவார். நானும் கரட்டோடு ஏப்பிரனில் தட்டுவேன்.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரருக்குள் ஒரு தமிழ்ப் பிள்ளையும் இருந்தாள், அபிராமி. விட்பியில் இருக்கிறவள், முப்பது வயது, கிழமை நாட்களில் பல் வைத்தியரிடம் வேலை, சனி ஞாயிறு இங்கே தொண்டு. இங்கே பிறந்தவள் என்றாலும் தமிழ் கதைப்பாள், நடுவில் இங்கிலீஷ் நுழையும். கயிறு எதற்கு, கொடி எதற்கு என்று எனக்கு விளக்கினது அவள்தான். நான் அவளுக்குக் களவாய் வடை கொடுப்பேன்.

தைமாதம் ஒரு வியாழக்கிழமை புது ஸ்னோமொபில் ஒன்று வந்தது. கறுப்பு நிறம், மினுங்கிக்கொண்டு நின்றது. பழையது ஒரு மாதத்துக்கு முதல்தான் சரிவில் பிரண்டு றொபேட்டின் தோளை மடக்கியிருந்தது. ஆகவே புதியதற்கு ஏதாவது செய்வார்கள் என்று யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் ஏறிக் குந்தினார், ஒருவர் படம் எடுத்தார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கார் வாங்கினால் பெற்றோல் அடிக்கக்கூட அப்படியே கொண்டுபோக மாட்டோம். நேரே கோயிலுக்குத்தான். ஐயர் திறப்பை வாங்கித் தட்டில் வைத்துச் சாமிக்குக் காட்டித் திருப்பித் தருவார். காருக்குச் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்த பிறகுதான் றோட்டுக்கு எடுக்கலாம். மகன் கொம்பியூட்டரில் பெரிய வேலை பார்க்கிறவன், அவனே ஒரு முறையும் தவறவிட்டதில்லை. ஆபத்தில் இருக்கிறவர்களைத் தூக்கப் போகிற வண்டிக்கு ஒரு தேசிக்காய்க்கும் வழியில்லையா?

அபிராமியிடம் கேட்டேன். சிரித்தாள். "அன்ரி, அதெல்லாம் தேவையில்லை. இட்ஸ் ஃபைன்."

பழைய வண்டி பிரளும்போதும் இட்ஸ் ஃபைன் என்றுதான் பிரண்டிருக்கும். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நான் ஏதோ முடிவெடுத்துவிட்டேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரமே ஒரு பையில் சந்தனம், திருநீறு, கற்பூரப் பெட்டி, ஒரு தேங்காய், நாலு தேசிக்காய் எல்லாம் கட்டிக் கார் விடுகிற கராச்சுக்குள் வைத்தேன். (வீட்டுக்குள்ளை வைச்சால் மகன் கேள்வி கேப்பான்.) அதில் ஒரு பிழை விட்டேன் என்று பிறகுதான் விளங்கினது. இரவு முழுக்கக் குளிரில் கிடந்த தேசிக்காய் விடியும்போது பளிங்குக் கல்லாகியிருந்தது.

சனிக்கிழமை விடிய, எங்கள் பின்கதவுக்கு வெளியே றொபேட் புது வண்டியைக் கொண்டுவந்து நிற்பாட்டினார். இறங்கினார், முன்பக்கத்தால் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போய்விட்டார். இரண்டு நிமிஷம்தானே என்று நினைத்திருப்பார். நான் பையோடு வெளியே வந்தேன். பார்த்தால், திறப்பு வண்டியிலேயே இருக்கிறது. சிவப்புக் கயிறு பூனை வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையாரே வழிவிட்டுத் தந்தார் என்றுதான் நினைத்தேன்.

திறப்பைக் கழற்றி ஒரு சில்வர் தட்டில் வைத்தேன். குசினியில் என் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தேன். தட்டை அதன் முன்னால் வைத்து, திறப்புக்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இனித் தேசிக்காய். இங்கேதான் சாத்திரம் இடித்தது. சில்லு இல்லை. நாலு சில்லுக்குத்தான் முறை தெரியும், மூன்று சில்லு ஓட்டோவுக்கும் தெரியும், சில்லே இல்லாத வண்டிக்கு எந்த ஐயரைக் கேட்பது? கொஞ்ச நேரம் யோசித்து, பலகை ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு, பட்டிக்கு ஒன்று, மொத்தம் மூன்று என்று நானே தீர்ப்புச் சொன்னேன். நாலாவதைத் திரும்பப் பைக்குள் போட்டேன். முகப்பில் சந்தனமும் திருநீறும் பூசினேன். பிறகு ஒரு கட்டிக் கற்பூரத்தைச் சின்னத் தட்டில் வைத்துக் கொளுத்தி, வண்டியைச் சுற்றிக் காட்டத் தொடங்கினேன்.

மூன்றாம் சுற்றில் காற்று அடித்தது. அணையக்கூடாது என்று கையால் மூடிக்கொண்டு, வண்டியின் முதுகில் இருந்த ஒரு வட்ட மூடிக்குப் பக்கத்தில் ஒதுக்கமாகப் பிடித்தேன். அது பெற்றோல் மூடி.

பின்கதவால் வந்த அபிராமி அதைத்தான் கண்டாள். "அன்ரி" என்று மட்டும் சொன்னாள். நான் திரும்பிச் சிரித்தேன். அடுத்த நிமிஷம் குசினிச் சுவரில் தொங்குகிற நெருப்பணைக்கிற சிவப்புக் குழாய் அவள் கையில் இருந்தது. கற்பூரம் ஒரு சொட்டுத்தான். அவள் குழாயை முழுக்க அடித்து முடித்தாள். கற்பூரம் அணைந்தது, நானும் அணைந்தேன். தலையிலிருந்து சப்பாத்து வரை வெள்ளை மாவு. வாய்க்குள்ளும் மாவு. வடைக்குப் பதில் எனக்குக் கிடைத்தது இது.

(பெற்றோலுக்குக் கிட்ட நெருப்புக் கொண்டு போனது பிழை. ஐயரே பெற்றோல் தாங்கிப் பக்கம் போறேல்லை. அதை நான் அப்பவே ஒப்புக்கொள்ளத் தயாராயிருந்தன், ஒருத்தரும் கேக்கேல்லை.)

அந்த நேரம் பார்த்து அபிராமியின் றேடியோ கத்தியது. நடுச் சரிவில் ஒரு பெண் விழுந்து முழங்காலைத் திருகிப்போட்டாளாம். கோப்பிக் கோப்பையோடு றொபேட் ஓடிவந்து வண்டியில் பாய்ந்து ஏறினார். கை திறப்பைத் தேடியது. இல்லை. நெஞ்சுப் பொக்கற்றில் தட்டினார். இல்லை. அவர் உடுப்பில் எத்தனை பொக்கற் இருந்தது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பனிக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்து, நாலு பேர் முழங்காலில் நின்று பனியைக் கிண்டத் தொடங்கினார்கள். நான் "கீ, கீ" என்கிறேன். வாயில் மாவு. மூச்சு முட்டுகிறது என்று நினைத்து அபிராமி என் முதுகில் அடிக்கிறாள்.

கடைசியில் றொபேட் பழைய வண்டியைக் கொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். எப்படியும் ஐந்து நிமிஷம் பிந்தியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதைமட்டும் நான் விளையாட்டாக எடுப்பதில்லை.

அவர் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. ஆனால் சொல்வதைவிடக் கொண்டுவந்து கையில் கொடுப்பது கெதி என்று நினைத்து உள்ளே ஓடினேன். தட்டோடு, திறப்போடு, சந்தனப் பொட்டோடு வெளியே ஓடிவந்தேன். பனி கிண்டினவர்களின் கால்பட்டு ஒரு தேசிக்காய் உருண்டு வாசல் படியடிக்கு வந்து காத்துக்கொண்டிருந்தது. வண்டி ஏறி நசிக்கவேண்டிய தேசிக்காயில் நான் ஏறினேன். அது நசியவில்லை. தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வலது கணுக்கால் இன்னொரு பக்கம். தேங்காய் உடைக்க முதல் நான் உடைந்துபோனேன்.

அப்படியாக, அந்தப் புது வண்டி முதன்முதல் ஏற்றின நோயாளி நான்தான். வண்டிக்குப் பின்னால் ஒரு நீளப் படுக்கைச் சறுக்கைக் கொழுவி, என்னைக் கம்பளியில் சுற்றிப் பட்டி போட்டுக் கட்டினார்கள். பற்றோல் கொட்டிலுக்கு நூற்றைம்பது அடிதான் இருக்கும். வாசலில் சறுக்குப் பழகவந்த சின்னப் பிள்ளைகள் இருபது பேர் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒரு பிள்ளை என்னை ஸ்னோமான் என்றது.

அபிராமி பதற்றத்தில் ஏறி, திறப்பைப் போட்டு முடுக்கப் பார்த்தாள். படுத்துக்கிடந்த எனக்குச் சிவப்புக் கயிறு சும்மா தொங்குவது தெரிந்தது.

"பிள்ளை, கயிறு கொழுவேல்லை."

"அன்ரி, நீங்கள் பேஷன்ற். பேசாமப் படுங்கோ."

"கொழுவிப்போட்டு எடு. உன்ரை கொடியும் மடிஞ்சு கிடக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். கயிற்றைச் சட்டையில் கொழுவினாள். இறங்கிக் கொடியையும் நிமிர்த்தினாள். பிறகு ஆட்கள் நடக்கிற வேகத்தில் கரையால் கொண்டுபோனாள். நான் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்திலும் இவ்வளவு மரியாதை நடந்திருக்காது என்று நினைத்தேன்.

கொட்டிலில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் அந்த முழங்கால்காரி கிடந்தாள். நாற்பது வயதிருக்கும். முகம் நோவில் சுருங்கியிருந்தது. அந்த ஐந்து நிமிஷமும் கூடப் பனியில் கிடந்ததால் உதடு நீலம். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கையை நீட்டி அவள் கையைப் பிடித்து, "கீ, மீ. சொறி" என்றேன். வாழ்க்கையில் நான் முழு மனதோடு சொன்ன மன்னிப்பு அதுதான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் என் கையை விடவில்லை. அபிராமியைக் கொண்டு எங்கள் குசினிச் சூப்பை எடுப்பித்து அவளுக்குக் கொடுத்தேன்.

மத்தியானம் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து மனேச்சரின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மனேச்சர் மெலிந்த மனிதர், எதையும் தாளில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுவார். றொபேட் சுவரோடு நின்றார். மகனைப் பிக்கரிங்கிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள், மொழிபெயர்க்க. அவன் என் முடியில் இருந்த மாவைப் பார்த்தான், காலைப் பார்த்தான். நோகுதா என்று கேட்டான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் முகத்தில் வந்தது நிபந்தனையில் வென்ற ஆளின் முகம். எனக்கு அந்தத் தொலைக்காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது.

மனேச்சர் வாசித்தார். பெற்றோலுக்குப் பக்கத்தில் நெருப்பு. அனுமதியில்லாமல் திறப்பு எடுத்தது. மீட்பு வேலைக்குத் தாமதம். ஒவ்வொன்றுக்கும் மகன் சொறி என்றான். நடுவிலும் சொன்னான். நான் விரல் மடித்து எண்ணினேன், மொத்தம் ஏழு. எனக்காக, என்னைக் கேட்காமல், ஏழு சொறி. மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"தம்பி, திறப்பை வண்டியிலை விட்டது ஆரெண்டு கேள்" என்றேன்.

"அம்மா, வாயை மூடிக்கொண்டு இருங்கோ. நான் சமாளிக்கிறன்."

"நீ கேக்கிறியோ, நான் கேக்கட்டோ?"

"அம்மா, ப்ளீஸ்."

நானே கேட்டேன். நாற்காலியில் நிமிர்ந்து இருந்துகொண்டு றொபேட்டைப் பார்த்து, யன்னலால் படித்த இங்கிலீஷ் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தேன். "கீ இன் மெஷின். ஹூ புற்? யூ புற். எவ்ரிடே யூ சே, கீ இன் பொக்கற்." என் நெஞ்சில் இரண்டு தரம் தட்டினேன், அவர் தட்டுகிற மாதிரியே. பிறகு யன்னலைக் காட்டினேன். வெளியே அந்த இருபது பிள்ளைகளும் வண்டி நின்ற இடத்தைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மகன் கண்ணை மூடிக்கொண்டான். மனேச்சரின் பேனை நின்றுவிட்டது.

றொபேட் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, இடிக் குரலை இறக்கி ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்க்காமல் நின்றான். என்னடா சொல்லுறார் என்று உலுக்கினேன்.

"நீங்கள் சொல்லுறது சரியாம்" என்றான், பல்லுக்குத்து வந்த ஆள் மாதிரி. "அவர்தான் விட்டவராம். ஒரு பிள்ளை ஏறி முடுக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு கேக்கிறார். அதையும் எழுதச் சொல்லுறார்."

மனேச்சர் அதையும் எழுதினார். தாளில் என் பேருக்குக் கீழே றொபேட்டின் பேரும் ஏறியது. இனிமேல் நெருப்புக் கொண்டு வரக்கூடாது என்று எனக்குச் சொன்னார். நான் ஓம் என்றேன். கால் நோ மாறினதும் வேலைக்கு வரலாம் என்றார். அதற்கும் ஓம் என்றேன். மகனிடம் திரும்பி, பார், முறைப்பாடு எனக்கு மட்டும் வரவில்லை, ஆகவே நிபந்தனை செல்லாது என்றேன். பிக்கரிங் வரைக்கும் அவன் கதைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் நிம்மதியாக வந்தேன்.

அந்தக் குசினியில் ஒன்பது குளிர்காலம் வேலை செய்தேன். நோ மாறி வேலைக்குப் போன முதல் நாள், றொபேட் கோப்பி யன்னலுக்கு வந்தார். கோப்பைக்குக் கை நீட்டுவதற்கு முதல் திறப்பைச் சிவப்புக் கயிற்றோடு என் உள்ளங்கையில் வைத்தார். கோப்பி குடித்து முடித்துத் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு சிவப்புச் சட்டைக்காரர் யார் வந்தாலும் அதுதான் முறை. திறப்பு என் கைக்கு வந்தால்தான் கோப்பி வெளியே போகும். சந்தனப் பொட்டை ஒருவரும் அழிக்கவில்லை. அதுவாகத்தான் தேய்ந்து போனது. அந்த வண்டி என் காலம் முழுக்க ஒருதரமும் பிரளவில்லை. (கயிறு கொழுவினதாலை எண்டு அபிராமி சொல்லுவாள். சொல்லட்டும். மூண்டு தேசிக்காயும் தன்ரை வேலையைச் செய்தது, ஒண்டு என்னிலை செய்தது.)

வீட்டில் இன்றைக்கும் யாராவது எதையாவது தொலைத்தால், "அம்மாவின்ரை தட்டிலை பாருங்கோ" என்பார்கள். மருமகள் மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லுவாள். பேரப்பிள்ளைகள் போனுக்குச் சொல்லுவார்கள். எல்லோரும் சிரித்து முடிந்ததும் மகன் முழுக் கதையையும் தொடங்குவான், ஏழு சொறியையும் விட்டுவிட்டு.

போன மாதம் ஒரு விடிய, அவன் காரை ஸ்ரார்ட் பண்ணிச் சூடாகட்டும் என்று வாசலில் விட்டுவிட்டு, திறப்பையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டு, கோப்பி குடிக்க உள்ளே வந்தான். இந்தப் பக்கத்தில் கார் களவு போகிற கதை நாளுக்கு ஒன்று கேட்கிறோம். நான் ஊன்றுகோலோடு மெல்ல வெளியே போனேன். காரை நிற்பாட்டினேன். திறப்பைக் கொண்டுவந்து பிள்ளையார் தட்டில் வைத்து, ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். பிறகு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கார் முழுக்கத் தேடினான், பனியைக் காலால் கிண்டினான், எல்லாப் பொக்கற்றிலும் தட்டினான். ரயில் போய்விட்டது. கடைசியில் உள்ளே வந்து தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

நான் என் நெஞ்சில் இரண்டு தரம் தட்டினேன்.

"சொறி அம்மா" என்றான்.

"எட்டு" என்றேன்.